இன்னொருவன் எடை

இந்தக் கைதான் போன வருஷம் கையெழுத்துப் போட்டது. பனிச்சரிவில் புதைந்து செத்த பெண்ணைத் தோண்டி எடுத்ததும் இதே கைதான். அன்று சாயங்காலம் ‘வழிகாட்டியின் மேல் தவறில்லை’ என்ற அறிக்கையின் கீழே பெயர் எழுதியதும் இதே கைதான். அந்த வழிகாட்டி ஹார்லன்தான் பேனாவை நீட்டினான். குரலை உயர்த்தாமல் கேட்டான். நான் களைத்திருந்தேன். குரலை உயர்த்தாமல் கேட்கிறவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது. இன்று நாலு மணிக்கு அதே மேஜையில் இன்னொருத்தி கையில் பேனாவைக் கொடுக்கப் போகிறார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டே மீட்புக் குழுத் தலைவி வெர்னா ஸ்ட்ராண்ட் கையுறையைக் கழற்றிவிட்டு, எதிரே நின்ற மோட்டார் பனிவண்டியின் இருக்கையில் உள்ளங்கையை வைத்தாள். குளிர் எலும்பு வரை ஏறியது.

கால்டர் பனிவண்டிச் சங்கத்தின் கொட்டகை அது. சனிக்கிழமை மதியம், ‘ஏணி’ என்று ஊர் சொல்லும் செங்குத்துச் சரிவில் இந்த வண்டி மூக்கைத் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழ்ந்து, ஓட்டிய கோல்பி ரட்லெஜின் மேலேயே விழுந்தது. கூட இருந்தது அவனுடைய நண்பனும் சக வழிகாட்டியுமான ஹார்லன் வோய்ட் மட்டும். இன்று புதன். நாளை அடக்கம். அதற்குள், வெள்ளிக்கிழமை வண்டியின் சஸ்பென்ஷனைச் சரிசெய்து கொடுத்த பட்டறைக்காரி ஜூனி பக்லி, ‘என் தவறு’ என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சங்கம் முடிவு செய்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் இருபத்து நாலு வயதில் அவள் ஓர் ஆளைக் கொன்றவள். ஊருக்கு மட்டுமல்ல, தனக்கும்.

மலைப்பக்கம் ஒரு பீரங்கி வெடித்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் சரிவுகளைச் சுட்டு இறக்குகிறார்கள். புதுப்பனி வருவதற்கு முன்னால் பழைய பனியைக் கீழே தள்ளிவிட வேண்டும். கொட்டகையின் தகரக் கூரை ஒரு முறை நடுங்கி அடங்கியது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓடிஸ் பிங்காம் வந்தான். அறுபது வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன், மீட்புக் குழுவில் தொண்டன், ஆறு வருஷமாக வெர்னாவின் உதவியாள். கையில் காகிதத்தில் சுற்றிய இலவங்கப்பட்டை இனிப்பு ரோல்.

"சங்கத்துல சில்லிக் குழம்பும் இந்த ரோலும் போடுறாங்க. ஒருத்தியைத் தூக்குல போடுறதுக்கு முன்னாடி ஊரே வயிறார சாப்பிடுது. பண்பாடு."

"எனக்கு?"

"நீதான் கவலையா இருந்தா சாப்பிட மாட்டியே. உன் பங்கையும் சேத்துத்தான் கவலைப்பட்டுக்கிட்டே சாப்பிட்டேன்."

"இந்த வண்டியில ஜூனி பண்ணினதா சங்கம் சொல்ற மூணு தப்பு என்னென்ன, சொல்லு."

ஓடிஸ் விரலை நக்கிவிட்டு எண்ணினான். "ஒண்ணு, பின் ஸ்பிரிங் மெத்தை மாதிரி இளகிக் கிடக்கு. கோல்பி உடுப்போட இருநூத்தி அறுபது பவுண்டு. அவன் உக்காந்தா வண்டி பின்னாடி குந்திக்கும். ரெண்டு, முன் சறுக்குப் பலகை ரெண்டுலயும் ஒரே அளவு ஸ்பிரிங் இருக்கணும். இதுல இடது பக்கம் ரெண்டு சுத்து அதிகம். மூணு, அடியில சுத்துற பெல்ட்டோட முன்பக்கத்தை இழுத்துப் பிடிச்சிருக்கிற வார்ப்பட்டை. செங்குத்தா ஏறணும்னா அதைச் சுருக்கி வைக்கணும், அப்பத்தான் மூக்கு தரையில நிக்கும். இதுல கடைசித் துளை வரைக்கும் தளத்தி விட்டிருக்கு. இது மூணையும் வெச்சுக்கிட்டு ஏணியில ஏறினா..." அவன் ரோலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். பிறகு, காட்டியது பிடிக்காமல், காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான்.

"இதைக் கீழ ஓட்டிட்டு வந்தது நீதானே?"

"வேற யாரு. நியாயமாப் பாத்தா ஹார்லன் ஓட்டியிருக்கணும். செத்தவன் வண்டியை டிரெய்லர்ல ஏத்தக் கூடாது, கூட்டாளிதான் ஓட்டி வீடு சேக்கணும். இந்த ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹார்லன் என்னடான்னா இடுப்பு வலி, என் வண்டியிலயே வந்துடறேன்னுட்டான். கிழவிங்க எல்லாம் இன்னும் அதைத்தான் பேசுதுங்க."

"வர்ற வழியில எதையாவது திருகினியா?"

"வெர்னா!" அவன் உண்மையாகவே காயப்பட்டான். "அடக்கம் ஆகிற வரைக்கும் செத்தவன் வண்டியில ஒரு திருகு கூடத் திருப்பக் கூடாது. நான் ஒண்ணும் நகரத்துக்காரன் இல்ல. பன்னிரண்டு மைலும் வலது பக்கமே சாஞ்சு சாஞ்சு வந்துச்சு. குடிகாரன் தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி. அப்பவும் கை வைக்கலையே."

வெர்னா வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

பின்பக்கம் மெதுவாக இறங்கியது. ஓடிஸ் கேட்காமலே குனிந்து, பம்பருக்குக் கீழே விரல்களை வைத்துப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தால் மூன்று விரல் இறங்க வேண்டும். நான்கு இறங்கினால் இளக்கம். இரண்டு இறங்கினால் இறுக்கம். கால்டரில் எழுத்துக்கு முன்னால் கற்றுக்கொடுக்கும் கணக்கு அது.

"மூணு," என்றான் ஓடிஸ். "கச்சிதமா மூணு. உனக்குன்னே அளந்து வெச்ச மாதிரி."

"நான் உடுப்போட நூத்தி ஐம்பது."

"பொம்பளை தானா எடை சொல்றதை இன்னிக்குத்தான் கேக்குறேன்."

அவள் எழுந்து, காலை இடது பக்கப் படியில் மட்டும் ஊன்றி நின்றாள். உடம்பு முழுவதையும் அந்தக் காலுக்குக் கொடுத்தாள். சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து சமமானது.

ஒருவனின் உடம்பு, அவன் இல்லாதபோதும் இந்த இரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை கனம், எந்தக் காலில் நிற்பான், எந்தப் பக்கம் வலிக்கும். ஒரு மனைவிக்குத் தெரியாததைக்கூட ஒரு ஸ்பிரிங் தெரிந்து வைத்திருக்கும்.

"ஓடிஸ், இந்த இடது ஸ்பிரிங்கோட பூட்டு வளையத்தைப் பாரு."

அவன் டார்ச் அடித்தான். வளையத்தின் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு மெல்லிய கோடு. கழன்று சுற்றினால் தெரிவதற்காகப் போடும் அடையாளம். கோடு பழையது, ஓரங்களில் அழுக்கேறியிருந்தது.

"அவசரத்துல தப்புப் பண்ணினவ அதுக்கு மேல அடையாளமும் போடுவாளா? இது தப்பே இல்ல. ரொம்ப நாளா, ரொம்பக் கவனமா வெச்ச அளவு. இன்னொருத்தனுக்கு வெச்சது."

ஓடிஸ் டார்ச்சை அணைக்க மறந்து நின்றான். "அப்ப அந்தப் பட்டை?"

வெர்னா தரையில் மல்லாந்து படுத்து, பெல்ட்டுக்கு இடையே முகத்தை நுழைத்தாள். பட்டையின் போல்ட் கடைசித் துளையில் இருந்தது. போல்ட்டின் தலையில் ஆறு முனைகளும் தேய்ந்து, நாய் கடித்த எலும்பு போலிருந்தது. வெட்டுகள் பளபளத்தன.

"அது மட்டும் புதுசு," என்றாள் உள்ளேயிருந்து. "சரியான ஸ்பேனர் இல்லாம, இடுக்கியால கடிச்சுத் திருப்பியிருக்காங்க. பனியில படுத்துக்கிட்டு, அவசரமா. ஜூனி பட்டறையில இருநூறு ஸ்பேனர் இருக்கு."

"அப்படின்னா மலை மேலதான்," என்றான் ஓடிஸ். இந்த முறை அவன் வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை.

*

வெர்னாவும் ஓடிஸும் நுழைந்தபோது ஜூனியின் பட்டறையில் அடுப்பு எரியவில்லை. அவள் கோட்டோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். எத்தனையாவது முறையாகப் படிக்கிறாளோ. மணி இரண்டு ஐம்பது.

"பட்டை ரெண்டாவது துளைன்னு எழுதியிருக்கேன் வெர்னா. பின் ஸ்பிரிங் கெட்டி நிலைன்னு எழுதியிருக்கேன். ஆனா எழுதிட்டுச் செய்யாம விட்டிருந்தா? அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். நாலு நாளா அந்த வெள்ளிக்கிழமையை ஞாபகப்படுத்திப் பாக்குறேன். பாக்கப் பாக்க, என் கை செய்யாம விட்டதுதான் தெரியுது."

வெர்னாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னால் நடக்காததும் நடந்ததாகிவிடும். வெர்னாவும் ஒரு வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பெண் புதைந்த சரிவில் ‘மூடப்பட்டது’ என்ற பலகை இல்லை என்று.

"கையெழுத்துப் போட்டுடறேன்," என்றாள் ஜூனி. "போட்டா நாளைக்கு அடக்கத்துக்கு நிம்மதியாப் போகலாம்னு ஹார்லன் சொன்னாரு. கோபமாக்கூடச் சொல்லலை. அன்பாத்தான் சொன்னாரு."

"தெரியும், அவன் அப்படித்தான் கேப்பான்." வெர்னா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "கோல்பி வண்டியும் ஹார்லன் வண்டியும் எப்படி?"

"இரட்டைப் பிள்ளைங்க. போன அக்டோபர்ல வழிகாட்டிக் கம்பெனி ஒரே நாள்ல வாங்கிச்சு. ஒரே நிறம், ஒரே மாடல். எது யாருக்குன்னு பதிவுல கூட எழுதலை. முன்னாடி மாட்டுற நம்பர் தகடுதான் வித்தியாசம். கோல்பிக்கு நாலு, ஹார்லனுக்கு ஏழு. தகட்டை ரெண்டு கொக்கியில மாட்டினாப் போதும்."

"ஹார்லன் வண்டிக்கும் நீதான் சஸ்பென்ஷன் பாக்குறியா?"

"தொடவே விட மாட்டாரு. வலது இடுப்புல ஆபரேஷன் பண்ணி இரும்புத் தகடு வெச்சிருக்காங்கல்ல, இடது கால்லதான் நிப்பாரு. அதுக்கேத்த மாதிரி அவரே..." ஜூனி பாதியில் நிறுத்தினாள்.

ஓடிஸ் மெதுவாக விசிலடித்தான்.

"எடை எவ்வளவு இருப்பான்?" என்று கேட்டாள் வெர்னா.

"நூத்தி ஐம்பது."

வெளியே இன்னொரு பீரங்கி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கோல்பி எங்கிட்ட ஒண்ணு சொன்னான்," என்றாள் ஜூனி. குரல் மிகவும் சிறியதாகியிருந்தது. "வண்டி எடுக்க வந்தப்ப. திங்கட்கிழமை விசாரணையில வாயைத் திறக்கப் போறேன்னான். போன வருஷம் அந்தப் பொண்ணு செத்த சரிவு மூடியிருந்ததாம். பலகையை ஹார்லனே கழட்டி எடுத்துப் பையில வெச்சானாம். ஹார்லன்கிட்டயும் சொல்லிட்டேன், கூட்டாளிகிட்ட மறைக்கக் கூடாதுல்லன்னு சொன்னான்."

இரண்டு நண்பர்கள் மலையில். என் வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாரேன் என்று ஒருவன். வண்டி மாற்றி ஓட்டாத நண்பர்கள் இந்த மலையில் உண்டா? நூற்றைம்பது பவுண்டுக்கு அளந்த வண்டியில் இருநூற்று அறுபது பவுண்டு ஏறி உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்தபோதே கோல்பிக்கு இளக்கம் தெரிந்திருக்கும். சிரித்திருப்பான். அடியில் பட்டை தளர்ந்திருப்பது மட்டும் தெரிந்திருக்காது. அப்புறம் பனியில் கிடக்கிறவனைப் பார்த்துக்கொண்டே இரண்டு தகடுகளை மாற்றி மாட்ட எத்தனை நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்? நினைக்கக் கூடாது என்றிருந்தது. நினைத்தாள்.

"ஜூனி, உன் அளவை வண்டியில எங்கயாவது குறிச்சு வைப்பியா?"

"இருக்கையைத் தூக்கினா அடியில ஒரு டேப் ஒட்டியிருப்பேன். பேரு, எடை, துளை, தேதி. அந்த வண்டியில டேப்பே இல்லன்னுதான் சங்கத்துல சிரிச்சாங்க."

"ஓடிஸ், போலீஸ் மேயோவைக் கூட்டிட்டு ஹார்லன் கொட்டகைக்கு வா. ஜூனியும் நோட்டோட கூட வரட்டும்."

"நீ?"

"நான் முன்னாடி போறேன்."

"தனியா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் சம்பளத்தை யாரு இழுத்தடிப்பா?"

"டேப் இப்ப ஹார்லன் கொட்டகை வண்டியில இருக்கும், அவன் அதைப் பாக்குறதுக்குள்ள போகணும் ஓடிஸ்." கதவருகே திரும்பினாள். "ஜூனி. எவ்வளவு அன்பாக் கேட்டாலும் பேனாவைத் தொடாதே."

*

ஹார்லன் வோய்டின் கொட்டகை ஊரின் கடைசியில், மலை தொடங்கும் இடத்தில் இருந்தது. பனி விழ ஆரம்பித்திருந்தது. காற்றில்லாமல், நேராக, அவசரமில்லாமல். கதவு திறந்தேயிருந்தது.

"வா வெர்னா," என்றான் உள்ளேயிருந்து, எதிர்பார்த்திருந்தவன் போல. மெலிந்த ஆள். இடது காலில் நின்று, வலது காலை நுனிவிரல் மட்டும் தரையில் படும்படி வைத்திருந்தான். "காபி இருக்கு."

"வேண்டாம்."

"நீ அந்தப் பொண்ணுக்காக அலையுறேன்னு கேள்விப்பட்டேன். நல்ல மனசு உனக்கு. வா, ஏணி வரைக்கும் போயிட்டு வரலாம். இடத்தைப் பாத்தா உனக்கே புரியும். இன்னும் ரெண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கு."

"பனி விழுதே. பீரங்கி சுடுறாங்க."

"அது தெற்குச் சரிவு. உனக்கு ஒரு வண்டி தயார் பண்ணி வெச்சிருக்கேன்." கதவோரம் நின்ற ஒரு வாடகை வண்டியைக் காட்டினான். எரிபொருள் நிரப்பி, முகப்பை மலைப்பக்கம் திருப்பி வைத்திருந்தான். "உன் எடைக்கு அளந்திருக்கேன். நூத்தி ஐம்பதுதானே?"

அதன் அடியில் பட்டை எந்தத் துளையில் இருக்கும் என்று அவளுக்குக் குனிந்து பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

கொட்டகையின் உள்மூலையில், துணி போர்த்திய இன்னொரு வண்டி. துணி விலகிய இடத்தில் ஏழாம் எண் தகடு. பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் சுத்தமான துணி விரித்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக ஸ்பேனர்கள். எல்லாம் துடைத்துப் பளபளத்தன. ஒன்றில்கூட எண்ணெய் ஒட்டியிருக்கவில்லை.

"கால் வலிக்குது ஹார்லன், கொஞ்சம் உக்காந்துக்கறேன்," என்றாள்.

அவன் நகர்வதற்குள் துணியை இழுத்துவிட்டு அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கவில்லை.

மூன்று விரல் இல்லை. இரண்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. கல் திண்டில் உட்கார்ந்தது போல அவளைத் தாங்கிக்கொண்டு நின்றது வண்டி. இன்னும் நூற்றுப்பத்து பவுண்டு வரும் என்று காத்துக்கொண்டிருப்பது போல. அந்த எடை நாளை மண்ணுக்குள் போகப் போகிறது.

ஹார்லன் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி இறங்காததை அவனும் பார்த்தான். இந்த ஊர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாலு நாள். நாலு நாளாக அந்த ஸ்பேனர்களை எடுத்து அடுக்கியிருக்கிறான், துடைத்திருக்கிறான், திரும்ப வைத்திருக்கிறான். பின் ஸ்பிரிங்கை ஒரு நிலை திருப்பினால் போதும். இருக்கையைத் தூக்கினால் போதும். செய்யவில்லை. கூட்டாளியைக் கொல்ல முடிந்தவனால், அடக்கத்துக்கு முன்னால் அவன் வண்டியில் ஒரு திருகைத் திருப்ப முடியவில்லை.

"கிழவிங்க உன்னைத் தப்பாப் பேசுதுங்க," என்றாள் வெர்னா. தன் குரல் தனக்கே நிதானமாகக் கேட்டது. "செத்தவன் வண்டியை நீ ஓட்டிட்டு வரலைன்னு. நீ வழக்கத்தை மீறவே இல்லையே. இதுலதானே வந்தே?"

அவன் ஏழாம் எண் தகட்டைப் பார்த்தபடி நின்றான்.

"ஒவ்வொரு மேடும் இடுப்புல ஆணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு," என்றான் கடைசியில். "பன்னிரண்டு மைல். பாதியில நிறுத்தித் திருகிடலாம்னு நினைச்சேன். கை வரலை." கொஞ்சம் நிறுத்தினான். "நான் ஒரு போல்ட்டை நகத்தினேன் வெர்னா. அவ்வளவுதான். மிச்சத்தை மலை பாத்துக்கிச்சு."

"ஜூனியை?"

"அவ சின்னப் பொண்ணு. வேற ஊருக்குப் போயிடுவா. மறந்துடுவா." வரிசையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான், பெரியதை. அதை ஓங்கவில்லை. உள்ளங்கையில் எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டான். "நீயும் போன வருஷம் மறந்தியே."

அது உண்மைதான். அதனால்தான் வலித்தது.

அவன் இடது காலை ஊன்றி ஓர் எட்டு நெருங்கினான். முகத்தில் கோபமில்லை. அன்றைக்குப் பேனாவை நீட்டியபோது இருந்த அதே பொறுமை.

"எந்திரி வெர்னா. நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் நானே இதைச் சரி பண்ணிக்கிறேன். நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். எந்திரிச்சுப் போனாப் போதும்."

எவ்வளவு சின்ன வேண்டுகோள். எழுந்திருப்பது. அறைக்குள் யாராவது வந்தால், யாராவது இடம் கேட்டால், வாழ்நாள் முழுக்க அவள் செய்துவந்தது. தொடைகள் தாமாகவே இறுகுவதை உணர்ந்தாள், எழுவதற்கு. தூரத்தில், சாலையின் வளைவில் ஒரு வண்டியின் சத்தம் கேட்டது போலிருந்தது. ஓடிஸாக இருக்கலாம். பனி வாரும் வண்டியாகவும் இருக்கலாம்.

அவள் வெறும் கையை இருக்கையின் மேல், அந்த டேப் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இல்ல ஹார்லன்," என்றாள், குரலை உயர்த்தாமல். "நான் எந்திரிக்கலை."